ஆழத்து மீனை உயிரோடு திருப்பி அனுப்ப: ஊசியா, எடையா, கூடையா?

ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. அளவு குறைந்த மீன், பிடிக்கத் தடையுள்ள மீன், இன்றைக்குப் போதும் என்ற பிறகு ஏறிய மீன், இவற்றையெல்லாம் கடலிலேயே விட்டுவிட மனம் இருக்கிறது. விட்டால் மீன் இறங்குவதில்லை. வாய்க்கு வெளியே ஏதோ பிதுங்கி, கண் புடைத்து, வயிறு மேலாக மிதந்துகொண்டே போகிறது. பறவையோ சுறாவோ அதைப் பார்க்கும் வரைதான் அதற்கு ஆயுள். ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடுவதா, எடை கட்டி மீனையே கீழே இறக்குவதா, இறக்குவதென்றால் எந்தக் கருவியால்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பிடிக்கிறீர்கள் என்றால் எடை கட்டி இறக்கும் கருவி ஒன்று படகில் தயாராக இருக்க வேண்டும். ஊசி அதற்குத் துணை. அதன் இடத்தை அது பிடிக்காது. ஆனால் இறக்கும் கருவிகளிலேயே மூன்று வகை உண்டு: முள்ளோடு சேர்த்த எடை, உதட்டைக் கவ்வும் இடுக்கி, எடை கட்டிய கூடை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது ஆழம், நீரோட்டம், மீனின் அளவு, படகில் இருக்கும் கைகள் ஆகியவற்றைப் பொறுத்தது.

## மேலே வரும்போது மீனுக்கு என்ன ஆகிறது

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4, 60 மீட்டரில் 7. அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும். 30 மீட்டரில் ஒரு பங்காக இருந்த காற்று மேலே வரும்போது நான்கு பங்காகிவிடும். 60 மீட்டரிலிருந்து வந்தால் ஏழு பங்கு. இதில் கவனிக்க வேண்டியது, கடைசி 10 மீட்டரிலேயே காற்று இரட்டிப்பாகிவிடுகிறது என்பது. பின்னால் எடையைக் கணக்கிடும்போது இது உதவும்.

மீன் நீரில் நிலையாக நிற்க உதவும் காற்றுப்பை எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி இல்லை. கெண்டை, சால்மன், மத்தி போன்றவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது. விரியும் காற்றை அவை வாய்வழியே விட்டுவிட முடியும். வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் காற்றுப்பையே கிடையாது. அவற்றுக்கு ஆபத்து களைப்பாலும் காயத்தாலும் வருவது. இந்தக் கட்டுரையின் கவலை மூன்றாவது கூட்டத்தைப் பற்றியது: சங்கரா, களவா, விளமீன், குளிர்கடல்களின் ராக்ஃபிஷ். இவற்றின் காற்றுப்பை மூடியது. காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் இரத்தத்தின் வழியாகத்தான். அதற்குப் பல மணி நேரம், சில சமயம் நாட்களே ஆகும்.

இதனால்தான் "மெதுவாகச் சுற்றி ஏற்றினால் மீன் தானே பழகிக்கொள்ளும்" என்பது தவறு. நீங்கள் கூட்டுகிற ஐந்து நிமிடம் காற்றுப்பைக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஐந்து நிமிடமும் மீன் போராடிக் களைக்கிறது, அவ்வளவுதான்.

விரிந்த காற்று பையைக் கிழித்து உடற்குழிக்குள் பரவும். குடலையும் வயிற்றையும் தள்ளும். வாய்க்கு வெளியே இளஞ்சிவப்பாகப் பிதுங்கித் தெரிவது பெரும்பாலும் மீனின் இரைப்பை; பலர் அதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் குத்தாதீர்கள், உள்ளே தள்ளவும் வேண்டாம். அழுத்தம் திரும்பினால் அதற்கு இடம் கிடைத்துவிடும். கிழிந்த காற்றுப்பை பல இனங்களில் சில நாட்களில் ஆறத் தொடங்குகிறது. பார்க்கக் கோரமாகத் தெரியும் புடைத்த கண்கூட, உடனே ஆழத்துக்குத் திரும்பும் ராக்ஃபிஷ் மீன்களில் பழைய நிலைக்கு வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, "இதன் கதை முடிந்தது" என்று பார்த்தவுடனே கைவிட வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமும் உண்மை: வாலை அடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போன மீன் பிழைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. உள்காயத்தால் ஓரிரு நாள் கழித்துச் சாகும் மீன்களை நாம் பார்ப்பதே இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. மீன் உண்மையிலேயே ஆழத்துக்குத் திரும்புகிறதா?
2. வழிமுறையே புதிதாக ஒரு காயத்தை உண்டாக்குகிறதா?
3. மீன் எத்தனை நொடி நீருக்கு வெளியே இருக்கிறது?
4. எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும்?
5. கடையில் கொடுத்த விலைக்கு மேல் என்ன செலவாகிறது? ஒரு ரீல், ஓர் ஆள், நேரம், தொலைந்துபோகும் ஈயம்?

ஐந்தில் மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். தெற்குக் கலிஃபோர்னியாவின் ராக்ஃபிஷ் மீன்களைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், திருப்பி இறக்கப்பட்ட மீன் இரண்டு நாள் தாண்டுமா என்பதை முடிவு செய்த முக்கியமான இரண்டு விஷயங்கள், அது எந்த இனம் என்பதும் எவ்வளவு நேரம் மேலே வைத்திருந்தார்கள் என்பதும். இனம் நம் கையில் இல்லை. நேரம் முழுக்க நம் கையில் இருக்கிறது. எவ்வளவு நல்ல கருவியும் பெட்டிக்கு அடியில் கிடந்தால், அதைத் தேடுகிற நேரத்தில் மீன் செத்துவிடும்.

| வழி | ஆழத்துக்குத் திரும்புவது | புதுக் காயம் | நேரம் | கைப்பழக்கம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | ஆழம் கூடக்கூட நம்பிக்கை குறையும் | இல்லை | மிகக் குறைவு | வேண்டாம் | மிதந்து சாகும் மீன் |
| ஊசியால் காற்றை எடுப்பது | மீன் தானே நீந்த வேண்டும் | உண்டு | குறைவு | நிறைய | தவறான குத்து, கைக்காயம் |
| தலைகீழ்த் தூண்டில் எடை | நன்று | மிகச் சிறியது | நடுத்தரம் | கொஞ்சம் | நடுவழியில் கழன்றுபோவது |
| உதட்டுக் கவ்வி | மிக நன்று | மிகச் சிறியது | நடுத்தரம் | கொஞ்சம் | விலை, உப்பரிப்பு, பராமரிப்பு |
| எடை கட்டிய கூடை | நன்று | இல்லை | ஏற்றி இறக்க அதிகம் | வேண்டாம் | இடம், உடலுழைப்பு |

## அப்படியே விடுவது

இது சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 10 மீட்டருக்குள் பிடிபட்ட மீன், வயிறு உப்பாமல், கையில் துள்ளிக்கொண்டிருந்தால் இதுவே நல்லது. முள்ளை நீரிலேயே கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. காற்றுப்பை இல்லாத வஞ்சிரம் போன்றவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. சீக்கிரம் ஏற்றி, சீக்கிரம் விட வேண்டும். தலை கீழாகப் பிடித்து, நீருக்குள் செங்குத்தாகப் பாயும்படி விட்டால் முதல் சில மீட்டரைக் கடக்க மீனுக்கு அது ஓர் உந்துதலாக இருக்கும்.

உப்பிய மீனுக்கு இது போதாது. முதல் 10 மீட்டர்தான் அதற்கு மிகக் கடினமான தூரம். ஏற்கெனவே களைத்த மீன், மிதவையைப் போல மேலே தள்ளும் தன் உடலையே எதிர்த்து நீந்த வேண்டியிருக்கிறது. கோடையில் மேல்நீர் சூடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மெக்சிகோ வளைகுடாவின் சங்கரா மீன்களில் ஒலி அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றும் செய்யாமல் மேற்பரப்பில் விட்ட மீன்களே அதிகம் இழப்புக்குள்ளாயின. காற்றை எடுத்து விட்டவையும், அடிக்கு இறக்கி விட்டவையும் அவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. ஆழமும் வெப்பமும் கூடக்கூட இழப்பும் கூடியது.

## ஊசியால் காற்றை எடுப்பது

அதிக வாக்குவாதம் நடப்பது இதைப் பற்றித்தான். சட்டத்தின் போக்கே அதைக் காட்டும். மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் பார்மீன் (கடலடிப் பாறைத்திட்டுகளில் வாழும் மீன்) பிடிக்கிறவர்கள் இந்த ஊசியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2008-இல் விதி வந்தது. 2013-இல் அதே விதி நீக்கப்பட்டது. அமெரிக்காவின் தென் அட்லாண்டிக் பகுதியில் 2020 ஜூலையில், இறக்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். 2022 ஜனவரியில் வளைகுடாவில் மறுபடி ஒரு விதி வந்தபோது, ஊசி அல்லது இறக்கும் கருவி, இரண்டில் ஒன்று தயார்நிலையில் இருந்தால் போதும் என்றார்கள். ஒரே கருவி கட்டாயமாகி, விலக்கப்பட்டு, பிறகு ஒரு தேர்வாகத் திரும்பியிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஊசி போட்டால் மீன் பிழைக்கிறதா என்று அதுவரை நடந்த ஆய்வுகளை மீனியல் ஆய்வாளர் ஜீன் வைல்ட் 2009-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். மொத்தத்தில் பயன் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஆழமான இடங்களில் பிடித்தவற்றுக்குத் தீமையே செய்யக்கூடும் என்று எழுதினார். மேலே சொன்ன 2015 ஆய்வோ சங்கராவுக்குப் பயன் இருப்பதைக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பது என் எண்ணம். பயிற்சி உள்ள கை, ஏற்ற இனம், மிதமான ஆழம் மூன்றும் சேர்ந்தால் ஊசி உதவுகிறது. அதில் ஒன்று தவறினாலும் ஊசியே இன்னொரு காயம்.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். ஊசி உள்ளீடற்ற குழாயாக, கூர்மையாக, சுத்தமாக இருக்க வேண்டும். தடிமனில் 16 கேஜ் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கத்தி முனை, குத்தூசி, தூண்டில் முள் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. அவை துளை போடும், காற்றை வெளியே கொண்டுவராது. மீனை ஈரத் துணியிலோ ஈரக் கையிலோ பக்கவாட்டில் படுக்க வையுங்கள். செவுளுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்துடுப்பின் அடியிலிருந்து 2.5 முதல் 5 சென்டிமீட்டர் பின்னே, ஒரு செதிலை நெம்பி அதன் கீழே, ஊசி முனை தலையைப் பார்த்து 45 பாகை சாய்ந்திருக்கும்படி நுழையுங்கள். காற்று சீறும் ஒலி கேட்டவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம். வயிற்றை மெல்ல அழுத்தலாம். ஒலி நின்றதும் ஊசியை எடுத்து மீனை விடுங்கள். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். ஊசி எடுப்பது உடற்குழியில் சேர்ந்த காற்றை மட்டும்தான். கண்ணுக்குப் பின்னாலும் இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழாகிவிட்ட வாயுவை அது தொடாது. அதைச் சுருக்க அழுத்தம் ஒன்றால்தான் முடியும். ராக்ஃபிஷ் வகைகளுக்கு ஊசி வேண்டாம், இறக்குங்கள் என்று பசிபிக் கரையில் சொல்வதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, துளையின் வழியே தொற்று. மூன்றாவது, ஆடும் படகில் துள்ளும் மீனின் பக்கத்தில் கூர்மையான ஊசி: உங்கள் விரலும் கணக்கில் வருகிறது. நான்காவதை யாரும் பேசுவதில்லை. காற்றை இழந்த மீன் கீழே போனாலும் தன் எடையைத் தாங்க மறுபடி காற்றைச் சேர்க்க வேண்டும். அதுவரை அது தரையோடு கிடக்கும் மீன்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஊசியை நான் படகிலிருந்து இறக்கிவிடச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் பல தூண்டிலிலும் மீன் ஏறி, இறக்கும் கருவி ஒன்றுதான் இருக்கும்போது, வெயிலில் காத்துக் கிடப்பதைவிடப் பழகிய கையில் ஒரு குத்து நல்லது. பழகிய கை என்பதுதான் நிபந்தனை. பழகுவதற்குச் சமையலுக்கு வைத்துக்கொண்ட செத்த மீன் போதும். அதை அறுத்துப் பார்த்து, உங்கள் ஊசி எங்கே போகிறது, ஈரல் எங்கே இருக்கிறது, காற்றுப்பை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

## தலைகீழ்த் தூண்டில் எடை

ஆஸ்திரேலியாவில் நீண்ட நாளாகப் புழங்கும் எளிய கருவி. எதிர்முள் (கழலாமல் தடுக்க முனைக்கருகே பின்நோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள் ஒன்றை ஈயக்குண்டோடு சேர்த்திருப்பார்கள். கயிறு முள்ளின் வளைவுப் பக்கம் கட்டப்பட்டிருக்கும். எடை கீழே தொங்கும். மீனின் கீழுதட்டில், பிடித்த முள் ஏற்கெனவே போட்ட துளை இருந்தால் அதிலேயே, இதைக் கோத்து இறக்குவார்கள். எடை மீனைத் தலைகீழாக இழுத்துப் போகும். வேண்டிய ஆழம் வந்ததும் கயிற்றை வெடுக்கென்று மேலே ஒருமுறை இழுத்தால் முள் கழன்றுவிடும், மீன் விடுதலை.

இதன் அழகு, கெட்டுப்போக இதில் எதுவுமில்லை என்பது. நகரும் பாகம் இல்லை, துருப்பிடித்து மக்கர் பண்ணும் சுருள்வில் இல்லை. தொலைந்தாலும் இன்னொன்று செய்துகொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கும் அடிக்கடி போகாதவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

குறை, இழுவிசை தளரக் கூடாது. கயிறு தொய்ந்தாலோ அலையில் படகு தூக்கிப் போட்டாலோ மீன் நடுவழியில் கழன்று மறுபடி மேலே வந்துவிடும். பலமான நீரோட்டத்தில் கயிறு வில்லாக வளைவதால், வெடுக்கென்று இழுத்தது முனைவரை போய்ச் சேராமல், மீனைக் கோத்தபடியே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க நேரிடும். கிழியக்கூடிய மெல்லிய உதடுள்ள மீன்களுக்கும் இது அவ்வளவு பொருந்தாது.

## அழுத்தத்தில் திறக்கும் உதட்டுக் கவ்வி

கீழ்த்தாடையைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி. உள்ளே அழுத்தத்தை உணரும் பொறி. ஆழத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தால் அங்கே போனதும் தானே வாய் திறந்து மீனை விட்டுவிடும். நடுவில் கயிறு தளர்ந்தாலும் மீன் கழலாது. வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை, ஊகிக்க வேண்டியதில்லை. கயிறு சாய்ந்து போகும் நீரோட்டத்தில் இதன் பெருமை தெரியும்: எத்தனை மீட்டர் கயிறு ஓடியது என்பது பொய் சொல்லலாம், அழுத்தம் பொய் சொல்லாது. வாடகைப் படகு ஓட்டுகிறவர்கள், புதியவர்களை அழைத்துப் போகிறவர்கள், வாரா வாரம் கடலுக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு இதன் விலை தகும்.

செலவு வாங்கியதோடு முடியாது. உப்புநீர் பொறிக்குள் காய்ந்தால் கவ்வி திறக்காமல் போகும். அப்படியானால் மீனை அடிவரை இறக்கி, மறுபடி மேலே இழுத்து வருவீர்கள். அதைவிடக் கொடுமை அந்த மீனுக்கு வேறில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல நீரில் அலசுவதும், அடுத்த பயணத்தில் முதலில் வெறுங்கவ்வியை இறக்கிச் சோதிப்பதும் தவிர்க்க முடியாதவை. திறந்த நிலையில் கீழே போட்டால் திறந்தே திரும்பும் என்பதால், மூடி இறக்குங்கள். திறந்து திரும்பினால் பொறி வேலை செய்கிறது. இன்னொன்று, சுறா வந்து மீனோடு கருவியையும் கொண்டுபோனால் இழப்பு பெரிது.

## எடை கட்டிய கூடை

பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பில் எடை கட்டி, மேலே கயிறு போட்டால் தயார். உப்பிய மீனைக் கூடையின் அடியில் விட்டால் அது மிதந்து மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கூடையோடு இறங்கி, காற்று சுருங்கித் தெம்பு வந்ததும் தானே கீழ்ப்பக்கமாக நீந்தி வெளியேறும். உதட்டைத் தொடுவதே இல்லை. எப்போது போக வேண்டும் என்பதை மீனே முடிவு செய்கிறது. ஒரே இறக்கத்தில் பல சிறு மீன்களை அனுப்பலாம். வாய் கிழிந்த மீனுக்கும், கவ்விக்கு இடம் தராத சிறு வாய் மீனுக்கும் இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் கூடை ஒரு படகுத் துணையைக் கேட்கிறது. நீரோட்டத்தில் கூடை பாய்போல இழுக்கும். எடையைக் கூட்டினால் ஏற்றும்போது முதுகு சொல்லும். 60 மீட்டர், 80 மீட்டருக்கு இறக்கி ஏற்றுவதைக் கையால் திரும்பத் திரும்பச் செய்ய யாராலும் முடியாது. 40 மீட்டருக்குள், அமைதியான கடலில், சிறு மீன் நிறைய ஏறும் நாளில் கூடை. மற்ற நாளில் வேறு.

## எவ்வளவு எடை, எவ்வளவு ஆழம்

இறக்கும் கருவி வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலருக்கு உண்மையில் எடைதான் போதவில்லை. தென் அட்லாண்டிக் விதி குறைந்தது 16 அவுன்ஸ் எடையும் 60 அடிக் கயிறும் கேட்கிறது, அதாவது சுமார் 450 கிராம், 18 மீட்டர். அது விதியின் அடிமட்டம். பெரிய மீனுக்குப் போதாது.

கடல்மீனின் காற்றுப்பை ஏறக்குறைய அதன் உடல் பருமனில் 5 சதவீதம். 5 கிலோ மீன் ஒன்று 40 மீட்டரிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழுத்தம் 5. மேலே வந்ததும் காற்று 25 சதவீதமாகிறது. கூடுதலான 20 சதவீதம் மீனை மேலே தள்ளும் விசை. 5 கிலோவில் அது 1 கிலோ. காற்றில் கொஞ்சம் வழியிலேயே வெளியேறியிருக்கலாம் என்பதால் இது மேல்வரம்பு. 450 கிராம் ஈயத்தின் எடையோ நீருக்குள் 410 கிராம்தான். மீன் இறங்காமல் சுற்றிச் சுற்றி நிற்பதன் காரணம் புரிகிறதல்லவா? அதே மீனைப் 10 மீட்டர் இறக்கிவிட்டால் காற்று பாதியாகி, மேல்தள்ளும் விசை 400 கிராமுக்கும் கீழே வந்துவிடும். அங்கிருந்து பயணம் எளிது. ஆகவே எடையை முதல் 10 மீட்டருக்காகத் தேர்ந்தெடுங்கள். 5 கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ, பெரிய களவாவுக்கு இன்னும் கூட. கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால் மீன் வெயிலில் மிதக்கும்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு முதல் விடை, பிடித்த ஆழம். முடியாவிட்டால்? 60 மீட்டரில் பிடித்த மீன் மேலே இருக்கும்போது காற்று 7 மடங்கு. 20 மீட்டருக்கு இறக்கினாலே அது 2.3 மடங்காகச் சுருங்கிவிடும். 30 மீட்டரில் 1.75 மடங்கு. அடிவரை போக முடியாத நாளில் பாதி ஆழமாவது போய்விட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. மிச்சத்தை மீன் நீந்திக் கடக்கும்.

## பிடிக்காமலே இருப்பது

தேர்வுகளின் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். மிக ஆழமான இடத்தில் எந்தக் கருவியும் எல்லா மீனையும் காப்பாற்றாது. வட பசிபிக்கின் மஞ்சள்கண் ராக்ஃபிஷ் நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. அதன் குஞ்சு பெரிதாகி இனப்பெருக்கம் செய்யவே பல ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட மீன் ஏறும் இடத்தில், "விட்டுவிடுவேன், பரவாயில்லை" என்று மறுபடி மறுபடித் தூண்டில் இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திருப்பி விட வேண்டிய மீனே தொடர்ந்து ஏறினால் இடத்தை மாற்றுங்கள். வேண்டிய அளவு கிடைத்ததும் ஆழத்தை விட்டு மேல்நீர் மீன்களுக்குப் போங்கள். இயற்கை இரை போடும்போது சர்க்கிள் ஹூக் எனப்படும் வட்ட முள்ளைப் பயன்படுத்தினால் முள் தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். கழற்றுவது சில நொடி வேலை. இதற்குச் செலவு என்று பார்த்தால் ஆசையை அடக்குவது ஒன்றுதான். அது சின்னச் செலவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

## எந்தச் சூழலுக்கு எது

தனியாக, சிறு படகில், 20 முதல் 50 மீட்டர்: தலைகீழ்த் தூண்டில் எடை. அதற்கென்று தனி ராடும் ரீலும் கட்டித் தயாராக நிற்கட்டும். பிடிக்கிற தூண்டிலையே அவிழ்த்துக் கட்டலாம் என்று நினைத்தால் மீன் காத்துக்கிடக்கும்.

நான்கைந்து பேர், பெரிய மீன், நீரோட்டம்: உதட்டுக் கவ்வி, முடிந்தால் இரண்டு. ஒருவர் இறக்கும் வேலைக்கு மட்டும். பழகிய ஒருவரிடம் ஊசியும் இருக்கட்டும்.

சிறு மீன் கூட்டமாக ஏறும் ஆழம் குறைந்த பார்: கூடை.

சுறாக்கள் படகைச் சுற்றத் தொடங்கிவிட்டால் எந்தக் கருவியும் நியாயம் செய்யாது. இறக்கும் மீன் வழியிலேயே போகும், மேலே விட்ட மீன் அதற்கு முன்பே போகும். நங்கூரத்தை எடுத்து விலகிப் போங்கள்.

கடைசியாக, முள்ளை விழுங்கிச் செவுளில் இரத்தம் கொட்டும் மீன். தொண்டையைக் கிளறாமல் தங்கூசியை (தூண்டில் நரம்பை) முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். அந்த மீனை வைத்துக்கொள்ள உங்கள் கடற்பகுதி விதி இடம் தந்தால் வைத்துக்கொண்டு, அன்றைய எண்ணிக்கையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதி இடம் தராவிட்டால், பிழைக்க வாய்ப்புக் குறைவாகத் தெரிந்தாலும் மேலே வீசிவிடாமல் எடையைக் கோத்து அடிவரை இறக்குங்கள்.